ராடார் அண்ணனின் இரண்டு வடக்குகள்

மாலை நான்கு பத்துக்கு என் மகள் யாழினி காணாமல் போனாள். அதுவரை, ஜவ்வாது மலையிலேயே யாருக்கும் தொந்தரவு தராத கிறுக்கர் ராடார் அண்ணன்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பாதி வாழ்க்கை ராணுவத்தில் ரேடியோ ரிப்பேர். மீதி, சென்னையில் விண்வெளிப் படங்களுக்கு ரோபோ, லேசர் துப்பாக்கி செய்கிற வேலை. இரண்டு இடத்திலும் கழித்துப் போட்டதையெல்லாம் வாங்கி வந்து, மலைமேல் ஒரு பழைய புளி குடோனில் கண்காட்சி வைத்திருந்தார். எல்லாம் ஜோடி ஜோடியாக. விண்வெளி வில்லனின் தலைக்கவசத்துக்குப் பக்கத்தில் நிஜ விமானியின் தலைக்கவசம். எதற்கும் பெயர்ப்பலகை கிடையாது. எது அசல் என்று நாம்தான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அவருக்கு சல்யூட் அடிக்க வேண்டும்.

எல்லோரும் தப்பாகத்தான் சொன்னார்கள். சினிமா சாமான் பளபளவென்று மிரட்டும். ராணுவ சாமான் நசுங்கின டிபன் பாக்ஸ் மாதிரி சும்மா கிடக்கும். ஒடுகத்தூரிலிருந்து வந்த ஒரு தலைமையாசிரியர் வரிசையாக சல்யூட் அடித்துக் கை வலித்து, கொடுத்த டீயைக் குடிக்காமலே பஸ் ஏறிவிட்டார்.

அன்று நாங்கள் போயிருந்தபோது யாழினியின் கையில் இரண்டு திசைகாட்டிகளைக் கொடுத்தார். "வெளிய போய்ப் பாரு பாப்பா. வடக்கு காட்றதுதான் அசல்."

அவள் போனாள். பின்னாலேயே மூடுபனி இறங்கியது. வாசல் புளியமரமே தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை.

"அண்ணே, பொண்ணு எங்க?"

"இன்னாம்மா பயப்பட்ற? கையில திசைகாட்டி கீது."

"எது அசல்னே அவளுக்குத் தெரியாதே!"

அவர் முகம் செத்துப்போனது.

இருட்டிலும் பனியிலும் ஆளைக் காட்டும் என்று சற்றுமுன் அவர் சொன்ன கருவி மேசையில் ஜோடியாக இருப்பது நினைவுக்கு வந்தது. விளக்குகள் மினுக்கிய பெரிய பைனாகுலரைப் பிடுங்கிக் கண்ணில் வைத்தேன். ஒரே கறுப்பு.

"அது படத்துதும்மா" என்றார் மெதுவாக. அசல், பக்கத்தில் கிடந்த துருப்பெட்டி. அதற்கு பேட்டரி செத்துப் பல வருடமாயிற்று.

அடுத்து அவர் செய்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. நெஞ்சில் சிவப்பு விளக்கு சுழலும் தெர்மாகோல் ரோபோ உடையை மாட்டிக்கொண்டு, பைக் பேட்டரியை இடுப்பில் கட்டினார்.

"வயிறு எரியுதுண்ணே. இந்த நேரத்துல இன்னா கூத்து இது?"

"ராணுவ சாமானெல்லாம் கண்ல படாம இருக்கறதுக்கு செஞ்சதும்மா. தூரத்துல இருக்கறவங்க கண்ல படணும்னா சினிமா சாமான்தான். நீ இங்கயே நில்லு. போய்ட்டு வர்றேன்."

கதவில் இடித்துக்கொண்டு இறங்கினார். இப்படியொரு பிராணியைப் பார்த்திராத மலைநாய்கள் அத்தனையும் குரைத்தபடி அவர் பின்னால் ஓடின. சிவப்பு வெளிச்சம் மங்கியது. பிறகு குரைப்பு மட்டும். பிறகு அதுவும் இல்லை. நான் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன். தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டு, நடுநடுவே ராடாரைத் திட்டினேன்.

கடைசியில் குரைப்பு திரும்பி வந்தது. அதன் பின்னால் சிவப்பு வெளிச்சம். ரோபோவுக்கு ஒரு கையில்லை, நாய்கள் பிய்த்துவிட்டிருந்தன. மிச்சமிருந்த கையைப் பிடித்துக்கொண்டு யாழினி.

"ரெண்டும் ஆளுக்கொரு வடக்கு காட்டுதும்மா" என்றாள்.

யாரும் கேட்காமலே என் கை நெற்றிக்குப் போனது. ராடார் அண்ணன் அந்த சல்யூட்டைக் கவனிக்கவில்லை. மூச்சு வாங்கியபடி அவளை என் பக்கம் தள்ளினார்.

"இந்தாம்மா, நல்லா பாத்துக்க. இது அசல்."