சட்டையைக் கடன் வாங்கினவன்

கட்டு நனைஞ்சுபோச்சு.

"அத்தை, அழாதீங்க! ஐயோ, அழவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு!"

"நான் எங்கடி அழறேன்? அதுவா வருது."

அத்தைக்கு இடது கண்ணுல ஆபரேஷன் ஆகி ஆறு நாள். வலது கண்ணு ஏற்கெனவே புகைமூட்டம். கட்டோட ஓரத்துல ஈரம் கட்டைவிரல் அகலத்துக்குப் பரவியிருந்துச்சு. உள்ள இறங்கினா சீழ் புடிச்சுப் பார்வையே போயிடும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு.

பக்கத்துல உட்கார்ந்து படிச்சுக் காட்டிட்டு இருந்தவளுக்கு வயசு பதினாறு. மடியில அறுநூறு பக்கப் புத்தகம். செத்தது அதுல வர்ற புருஷன். ஆனா கொன்னது அதை எழுதினவங்க இல்ல, இவதான்.

லீவுக்குத் துணையா வந்தவகிட்ட அத்தை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "தினமும் கொஞ்சம் படிச்சுக் காட்டுடி." ஊரே படிச்ச புத்தகம். கப்பலுக்குப் போன புருஷன் ஞாபகத்தைத் தொலைச்சுடுவான், பொண்டாட்டி காத்திருப்பா, ஒவ்வொரு அத்தியாயத்தோட கடைசியிலயும் யாராவது கதவைத் தட்டுவாங்க.

அவளுக்குக் குமட்டுச்சு. ஏன்னா அவளும் எழுத்தாளர். இதுவரைக்கும் நாலு கதை, ஒரே ஒரு வாசகி, அதுவும் அவளே. அவ கதையில யாரும் கதவைத் தட்ட மாட்டாங்க. ஜன்னல் வழியா வெளியில பார்ப்பாங்க, அவ்வளவுதான்.

அதனால படிக்கும்போதே திருத்த ஆரம்பிச்சா. முதல் நாள் கதவு தட்டறதை விட்டா.

"யாரும் வரலையா?"ன்னு அத்தை கேட்டாங்க.

"வரலை அத்தை."

"சரி."

ரெண்டாம் நாள் ஜோசியக்காரனைத் தூக்கினா. மூணாம் நாள் புருஷன் முதுகுல இருந்த தழும்பை. ஆறாம் நாள் துணிஞ்சு புருஷனையே கடல்ல தள்ளினா. பொணம் கரை ஒதுங்குது. வெள்ளைச் சட்டையில நீல நூல்ல தெச்ச ஒரு பொத்தான். வெள்ளை நூல் தீர்ந்துபோன அன்னைக்குப் பொண்டாட்டி தெச்சுக் கொடுத்தது.

கட்டு நனையறதைப் பார்த்தப்ப, ஒரே ஒரு நொடி அவளுக்கு சந்தோஷமா இருந்துச்சு. நம்ம எழுத்துக்கு ஒருத்தர் அழறாங்க! அந்த ஒரு நொடியை நினைச்சாத்தான் இப்ப அவளுக்கே அவளைப் பிடிக்கலை.

"அத்தை, அவன் சாகலை!"

"பொத்தானைப் பார்த்தாளே?"

"சட்டை மட்டும்தான் அவனோடது. இன்னொருத்தன் கடன் வாங்கிப் போட்டுட்டுப் போயிட்டான்."

அத்தை மூக்கைத் துடைச்சுக்கிட்டாங்க. அவ மூச்சு விட்டா.

"அப்போ அவன் பொண்டாட்டி?"

"யாரு பொண்டாட்டி?"

"சட்டையைக் கடன் வாங்கினவன் பொண்டாட்டிடி! பாவம், அவளுக்கு யாரு போய்ச் சொல்லுவா?" மறுபடியும் மூக்கை உறிஞ்சினாங்க.

"அவனுக்குக் கல்யாணமே ஆகலை!"

"அம்மா இருப்பாளே!"

ஈரம் ரெண்டு விரல் அகலம் ஆயிடுச்சு.

"அத்தை, அப்போ... அப்போ யாரோ கதவைத் தட்டினாங்க!"

அழுகை டக்குனு நின்னுச்சு. "யாரு?"ன்னு தலையைத் தூக்கி எழுந்தே உட்கார்ந்துட்டாங்க. தலையை அசைக்கவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு.

யாருன்னு அவளுக்குத் தெரியலை. புத்தகத்தைப் புரட்டினா. ஞாபகம் போனவனை அந்தத் தழும்பை வெச்சுத்தான் கண்டுபிடிக்கறாங்க. அவன் எங்க இருக்கான்னு சொல்றவன் அந்த ஜோசியக்காரன். குப்பைன்னு அவ தூக்கிப் போட்டது ஒவ்வொண்ணும் ஒரு ஆணி. எல்லாத்தையும் புடுங்கிட்டு, இப்ப கூரை ஏன் நிக்கலைன்னு பார்த்துட்டு இருக்கா.

"புருஷன்தான் அத்தை. திரும்பி வந்துட்டான்."

"போடி," அத்தை மெதுவா சொன்னாங்க. "அவ்வளவு நல்லா செத்தான். இனிமே எப்படி வருவான்?"

அப்போ நிஜமாவே கதவைத் தட்டினாங்க. சொட்டு மருந்து ஊத்த வர்ற நர்ஸ் அக்கா. வாசல்ல எப்பவும் கிடக்கற ஆம்பளைச் செருப்புக்குப் பக்கத்துல தன் செருப்பை விட்டுட்டு உள்ள வந்தாங்க. அத்தை தனியா இருக்கற வீட்டுல அது எதுக்குன்னு அவ வந்த அன்னைக்கே கேட்டா. "திருடன் பயம்டி"ன்னாங்க அத்தை. ஆனா தினமும் தூசி தட்டினாங்க.

நர்ஸ் அக்கா கட்டைப் பிரிச்சாங்க. "தையல் தப்பிச்சுது. இன்னொரு தடவை அழுதா நான் பொறுப்பில்ல." புதுக் கட்டுப் போட்டுட்டுக் கை கழுவப் போனாங்க.

அவ பின்னாடியே சமையலறைக்கு ஓடி, எல்லாத்தையும் கொட்டிட்டா. "அக்கா, அத்தைகிட்ட சொல்லிடாதீங்க. புத்தகத்துல இருக்கறதுன்னே நம்பிட்டு இருக்காங்க."

நர்ஸ் அக்கா குழாயை மூடினாங்க. கூடத்துல அத்தை அசையாம, கதவுப் பக்கமா முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாங்க.

"அந்தப் புத்தகம் உங்க அத்தைக்கு மனப்பாடம். நீ மாத்தறது முதல் நாளே தெரியும், 'புள்ள ஆசையா சொல்றா, கெடுக்காதே, எப்படியும் கடைசியில அவரைக் கூட்டிட்டு வந்துடுவா'ன்னு என்கிட்ட சொன்னாங்க. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கப்பலுக்குப் போய்த் திரும்பாத உங்க மாமா இருபது வருஷமா, புருஷன் திரும்பி வர்ற அந்தக் கடைசிப் பக்கத்துல மட்டும்தான் வீட்டுக்கு வந்துட்டு இருந்தாரு, இப்ப கதவைத் தட்டினது யாருன்னு சொல்லப் போறே?"