மெத்தை வைத்த கால்சட்டையும் நாலாவது ஆளும்

மனித குலம் உடை உடுத்தத் தொடங்கிய அன்றே, எந்த உடையை எங்கே உடுத்தலாம் என்று சொல்ல ஓர் அதிகாரியும் பிறந்துவிட்டார். இலையைக் கட்டிக்கொண்டு குகையிலிருந்து வெளியே வந்த முதல் மனிதனை, வாசலில் நின்ற இரண்டாவது மனிதன் ஏற இறங்கப் பார்த்து, "இது வேட்டைக்குப் போற இலையாச்சே, தண்ணி எடுக்கப் போறப்ப கட்டலாமா?" என்று கேட்டிருப்பான். அந்த இரண்டாவது மனிதனின் வம்சம் அழியாமல் இன்றும் நல்ல சம்பளத்தில் வாழ்ந்து வருகிறது.

இது தெரியாமல்தான் மெதுவா அன்று காலை பேரங்காடி வாசலில் போய் சைக்கிளை நிறுத்தினாள்.

மெதுவா என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். குழந்தை பிறந்ததிலிருந்து அவள் வாயில் அந்த ஒரு சொல்தான். மெதுவா தூக்குங்க, மெதுவா சாத்துங்க, மெதுவா மூச்சு விடுங்க. பால் புட்டியை மூன்று தரம் கொதிக்க வைப்பாள். பிறகு கொதித்த தண்ணீர் சுத்தமா என்று கவலைப்படுவாள். "உடம்பு தேறணும்னா தினம் கொஞ்சம் சைக்கிள் ஓட்டுங்கம்மா" என்று டாக்டர் சொல்லப்போக, கணவன் கடனே என்று இல்லாமல் ஆசையாகவே சைக்கிளும் அதற்கான உடையும் வாங்கிக் கொடுத்துவிட்டான். உடை என்றால், பொரிகடலை நிறத்தில் ஒன்று வாங்கக் கூடாதோ? எலுமிச்சை மஞ்சள். உடம்போடு ஒட்டியது. கால்சட்டையின் அடியில் மெத்தை. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் வாத்து போல இருந்தது. வீட்டில் இப்போது இரண்டு பேர் அடியில் மெத்தை கட்டியிருந்தார்கள். ஒருவருக்கு வயது எட்டு மாதம்.

மெதுவாவுக்கு உலகத்தில் பயம் என்றால் 'நாலு பேர்' மேல்தான். "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்று அம்மா சொல்லி வளர்த்தாள். படித்த கான்வென்ட்டில் சிஸ்டர், வரிசையாக முழங்கால் போடச் சொல்லி, பாவாடை விளிம்பு தரையைத் தொடுகிறதா என்று குனிந்து பார்ப்பார். தொடாதவர்களுக்கு நரகம், அல்லது வீட்டுக்குக் கடிதம். அதனால் ஆள் நடமாட்டம் இல்லாத தெருக்களாகப் பார்த்துத்தான் சைக்கிள் ஓட்டுவாள். நாய்கள் மட்டும் பார்த்தன. அவை ஒன்றும் சொல்லவில்லை.

மேட்டுத் தெருவிலிருந்து இறங்கி வந்தபோது கணவன் போனில் அழைத்தான். பின்னால் குழந்தையின் அழுகை.

"மெதுவா, திட்டாதே. பால் மாவு டப்பாவைக் கை தட்டி விட்டுடுச்சு."

"யார் கை?"

"அது... என் கைதான். மொத்தமும் பாத்திரம் கழுவுற தொட்டியில விழுந்துடுச்சு. தொட்டி பாயசம் மாதிரி இருக்கு. இவன் ஊரைக் கூட்டுறான். வர்ற வழியில வாங்கிட்டு வந்துடேன்."

வீட்டுக்குப் போய் உடை மாற்றிவிட்டு வரலாம் என்றால் மேடு ஏற வேண்டும். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். பிள்ளையின் பசிக்குத் தாயின் பத்து பறந்தது. பதினோராவதாக இருந்த கூச்சம் மட்டும் கால்சட்டையைப் போலவே விடாமல் ஒட்டிக்கொண்டு வந்தது.

பேரங்காடி வாசலில் காவலாளி கை நீட்டித் தடுத்தார். ஒருவர், என்று மெதுவா மனதுக்குள் எண்ணினாள். முட்டை அட்டையோடு வெளியே வந்த ஓர் அம்மாள், அவளைப் பார்த்துவிட்டு முட்டைகளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு. அதற்குள் உள்ளேயிருந்து உடை ஒழுங்கு அதிகாரி வந்தார். கழுத்தில் டை, சட்டைப் பையில் மூன்று பேனா, காலில் பளபளவென்று ஓட்டப்பந்தய ஷூ. மூன்று.

"அம்மா, இந்த நிறுவனம் உடைக்கு எதிரி இல்லை" என்று ஆரம்பித்தார் அதிகாரி. "ஒவ்வொரு உடைக்கும் ஒரு நோக்கம் உண்டு. நோக்கத்தோடு இருந்தா அது உடை. நீங்க போட்டிருக்கறது சைக்கிள் உடை. சைக்கிள் மேல இருக்கற வரைக்கும் அது உடை. இறங்கிட்டா வெறும் இறுக்கம்."

"சார், ஒரு டப்பா பால் மாவு. எடுத்துட்டு ஓடிடறேன். பச்சைக் குழந்தை."

"ஆள் பாதி ஆடை பாதின்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

"அப்ப ஆள் பாதியை மட்டும் உள்ள விடுங்க."

அதிகாரி யோசித்தார். அவர் எதையும் யோசிக்காமல் மறுப்பவர் இல்லை. "பாதி ஆளுக்குத் தனி நுழைவாயில் இன்னும் கட்டலைம்மா" என்றார் வருத்தத்தோடு.

முட்டை அம்மாளுக்கே மனசு இளகியது. "நான் வேணா வாங்கிட்டு வந்து தரட்டுமா?"

"அது தரகு" என்றார் அதிகாரி. முட்டை அம்மாள் பயந்துபோய் முட்டைகளை மறுபடியும் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மெதுவா சைக்கிள் பக்கம் திரும்பினாள். அதிகாரியும் இரக்கமில்லாதவர் அல்ல. "ஒரு வழி இருக்கு" என்று குரலைத் தாழ்த்தினார். "சைக்கிளோட உள்ள வந்தா இது உடை. விதிப்படி நான் தடுக்க முடியாது."

"அப்ப சைக்கிளைக் கொண்டு வரேன்."

"சைக்கிள் வாகனம். வாகனத்துக்கு அனுமதி இல்லை."

"சார்!"

"அவசரப்படாதீங்க. சக்கரம் வெச்சது தள்ளுவண்டியா இருந்தா வரலாம். தள்ளுவண்டின்னா கூடை இருக்கணும். கூடை இத்தனை பெருசு இருக்கணும்னு விதியில இல்லை." அவர் கண் மெதுவாவின் தலைக்கவசத்தின் மேல் நிலைத்தது.

மெதுவா தலைக்கவசத்தைக் கழற்றிக் கவிழ்த்து, வாரால் சைக்கிளின் கைப்பிடியில் கட்டினாள். அதிகாரி அதைத் தொட்டுப் பார்த்து, "இன்று முதல் இது தள்ளுவண்டி" என்று அறிவித்தார். காவலாளி சல்யூட் அடித்தார், யாருக்கு என்று தெரியவில்லை.

வேகமாகத் தள்ளிக்கொண்டு போனாள். சோப்பு வரிசை, பிஸ்கட் வரிசை, பால் மாவு. டப்பா தலைக்கவசத்துக்குள் முட்டை போல உட்கார்ந்தது. காசைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தால், தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டின் மேல் அதிகாரி நின்றார்.

"தள்ளுவண்டி மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாதும்மா. கடைச் சொத்து."

"இது என் சைக்கிள் சார்!"

"சைக்கிள்னா எப்படி உள்ள வந்துச்சு? வாகனத்துக்கு அனுமதி இல்லையே."

"சரி, சைக்கிள் இங்கயே கிடக்கட்டும். நான் நடந்து போயிடறேன்."

"எப்படிப் போவீங்க? இங்கிருந்து வாசப்படி வரைக்கும் கடை எல்லை. சைக்கிள் இல்லாம ஒரு அடி வெச்சீங்கன்னா..." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "வெறும் இறுக்கம்."

ஆக, மெதுவா சைக்கிளோடு வெளியே போக முடியாது. சைக்கிள் இல்லாமல் உள்ளே நிற்க முடியாது. கையில் பால் மாவு, வீட்டில் பசித்த பிள்ளை, நடுவில் மஞ்சள் கோடு. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. போனில் கணவனிடம் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "வாங்க." வாழ்க்கையில் முதல் தடவையாக அதை அவள் மெதுவாகச் சொல்லவில்லை.

கணவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். அவன் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவன். கணினித் திரையில் தெரிகிற பகுதி வரை அவன் அதிகாரி: இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. திரைக்குக் கீழே வாத்துப் படம் போட்ட அரைக்கால் டிராயர்.

அதிகாரி அவனை இரண்டு பாகமாகப் பார்த்தார். "மேல் பாகம் வரலாம்."

"கீழ் பாகம்?"

"காத்திருக்கட்டும்."

"சார், ரெண்டும் ஒண்ணா வந்து பழகிடுச்சு!"

இதற்குள் பிள்ளை அழுகையை நிறுத்தியது. முகம் சிவந்தது. ஒரு புள்ளியைக் கூர்ந்து நோக்கியது. அது அணிந்திருந்தது இடுப்பில் ஒரு டயப்பர் மட்டும். கடை முழுவதும் அமைதி. பிறகு ஒரு சத்தம். சத்தத்தைத் தொடர்ந்து வாசனை.

அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் நேர்மையான மனிதர். "உடையை அதன் நோக்கத்துக்கு முழுமையாகப் பயன்படுத்தியிருக்கிறார்" என்று கைக்குட்டைக்குள்ளிருந்து தீர்ப்புச் சொன்னார். "இந்தக் கடையில் விதிப்படி உடை உடுத்தியிருப்பவர் இவர் ஒருவரே."

மெதுவா தலையைத் தூக்கினாள். பிள்ளை பாராட்டப்பட்டால் தாய்க்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிடும்.

"அப்ப உங்க காலில இருக்கறது என்ன சார்?"

"ஷூ."

"என்ன ஷூ?"

அதிகாரி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. "ஓடுற... ஷூ."

"ஓடுங்க."

கூட்டத்தில் ஒவ்வொருவரும் மெல்லத் தன்னைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டார். மலையேறுகிற கோட்டுப் போட்ட ஆசாமி வாழ்க்கையில் மாடிப்படிக்குக் கூட லிஃப்ட் தேடுபவர். உடற்பயிற்சிக் காற்சட்டை போட்ட மூன்று பெண்கள் கேக் வாங்க வந்திருந்தார்கள். ஒருவர் கையில் கடலுக்கு அடியில் நூறு ஆள் ஆழம் போனாலும் ஓடும் கைக்கடிகாரம்; அவர் தூறல் விழுந்தாலே கடைக்குள் ஒதுங்குபவர்.

விதி என்றால் விதி. அதிகாரி ஓட ஆரம்பித்தார். சோப்பு வரிசையில் ஏறி, பிஸ்கட் வரிசையில் இறங்கி, டை பின்னால் பறக்க ஓடினார். மலைக்கோட்டு ஆசாமி மாவு மூட்டை அடுக்கில் ஏறினார். மூன்று பெண்களும் கேக் பெட்டிகளைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி இறக்கினார்கள். கடிகாரக்காரர் மீன் விற்கும் பகுதியில் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு பரிதாபமாக நின்றார். டிராயரில் வாத்துப் படம் போட்டவன் என்ன செய்வதென்று தெரியாமல், பொதுநலம் கருதி, "குவாக்" என்றான்.

"சார்!" என்று மெதுவா ஓடுகிறவரைப் பார்த்துக் கத்தினாள். "குழந்தை வண்டி மஞ்சள் கோட்டைத் தாண்டலாமா?"

"தாண்டலாம்!" பிஸ்கட் வரிசையிலிருந்து பதில் வந்தது.

பிள்ளையை சைக்கிள் இருக்கையில் உட்கார வைத்து, இரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். சைக்கிள் குழந்தை வண்டியாயிற்று.

"குழந்தை வண்டி தள்றவங்க என்ன உடை போடணும்?"

ஓட்டம் ஒரு கணம் நின்றது. "அதுக்கு... விதி... இல்லைம்மா" என்று மூச்சு வாங்கினார் அதிகாரி. "குழந்தை இருந்தா... தாயை... யாரும் பார்க்கறதில்லை."

வெளியே வந்து, அங்கேயே காவலாளி கொடுத்த வெந்நீரில் பாலைக் கலக்கிப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அது ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஏப்பம் விட்டது. அதற்குள் மெதுவா, வாசலில் மூன்று பேர் வரை எண்ணிய கதையைக் கணவனிடம் சொல்லி முடித்திருந்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் ஊர் திருந்தியிருக்கும். அந்த ஓட்டத்தை யாரோ படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். ஊர் பார்த்தது, ஆனால் அது அதிகாரியைப் பார்க்கவில்லை, எலுமிச்சை மஞ்சளைப் பார்த்தது. அடுத்த மாதம் சைக்கிள் உடைதான் நாகரிகம். கவிழ்த்த தலைக்கவசத்தில் தக்காளி வாங்காதவர்களைத் தாழ்வாகப் பார்த்தார்கள். சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்களுக்குத் தள்ளிக்கொண்டு போக மட்டும் மிதியில்லாத சைக்கிள்கள் விற்பனைக்கு வந்தன. முட்டை அம்மாள் ஊதா நிறத்தில் வாங்கினாள். பேரங்காடி வாசலில் புதிய பலகை: 'தகுந்த சைக்கிள் உடையின்றி உள்ளே வரக் கூடாது.'

மெதுவாவுக்கு இப்போது ஊரில் தனி மரியாதை. முன்னோடி அல்லவா? கணவனும் பிள்ளையுமாக ஒருநாள் கடைக்குப் போனாள். மூவர் அடியிலும் மெத்தை. வாசலில் சலசலப்பு. துவைத்து இஸ்திரி போட்ட சாதாரணச் சுடிதாரில் ஓர் இளம்பெண், முகமெல்லாம் வியர்வையாக, காவலாளியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, பால் மாவு ஒரு டப்பாதான். குழந்தை அழுதுட்டு இருக்கு."

மெதுவா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வாய் தானாகவே திறந்தது.

"சே! கடைக்கு வர்ற உடுப்பா இது?"

கணவன் சைக்கிளை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"அன்னைக்கு மூணு பேரைத்தானே எண்ணினே?" என்றான். "நாலாவது ஆள் வந்தாச்சு."