நுழைந்தால் சரி என்பவர்

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒருவர் வந்துபோவார். இந்தப் பிறவிக்கு அகராதியில் பெயர் இல்லாததால் நானே ஒன்று வைத்திருக்கிறேன்: நுழைந்தால் சரி என்பவர். எந்த அடாப்டர் எந்தச் சாதனத்துடையது, அதன் முதுகில் என்ன அச்சடித்திருக்கிறது, விற்றவன் என்ன சொல்லி விற்றான் என்பதெல்லாம் இவருக்கு அநாவசியம். முனை துளைக்குள் போகிறதா? போயிற்று. அப்புறம் என்ன? கொஞ்சம் இறுக்கமாக இருந்தால், "புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று கட்டைவிரலால் ஓர் அமுக்கு.

அடையாளம் காண்பது சுலபம். வீட்டில் ஓர் இழுப்பறை வைத்திருப்பார். செத்துப்போன ரேடியோவின் அடாப்டர், யாருக்கோ கொடுத்துவிட்ட சவர இயந்திரத்தின் அடாப்டர், எதனுடையது என்று ஒருவருக்கும் தெரியாத, ஆனால் எல்லாவற்றிலும் கனமான ஒரு கறுப்பு அடாப்டர் என்று ஒன்றின் கழுத்தை ஒன்று சுற்றிக்கொண்டு அதற்குள் குடும்பம் நடத்தும். தூக்கிப் போடச் சொல்லிப் பாருங்கள். "என்னைக்காவது உதவும்" என்பார். அந்த என்றைக்காவது வந்தே தீரும். அன்றைக்கு ஒரு நல்ல பொருள் சாகும்.

பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடி இல்லை என்பார். கண்ணாடி நெற்றியில் இருக்கும்.

என் கைவசம் உள்ள மாதிரி, சொந்த அண்ணன். மரச்சாமான் கடையில் மேலாளர். பீரோ விற்பவருக்கு மின்சாரம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இதயநோய், கூரை ஒழுகல், கைக்குழந்தையின் விக்கல் எல்லாம் எப்படித் தெரியுமோ அப்படித்தான்.

எங்கள் தங்கைக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் காது போய்விட்டது. பேசுவாள், நம் உதட்டைப் பார்த்தே பதில் சொல்வாள். கைபேசி பழுது பார்க்கும் கடையில் வேலை, அங்கே அவள் கைக்குத் தனி மரியாதை. போன மாதம் குழந்தை பிறந்ததும் மாமியார் வீட்டில் ஒரே கேள்வி: "புருஷன் வேலைக்குப் போயிட்டா, காது கேக்காத பொண்ணு குழந்தைய எப்படித் தனியாப் பாத்துப்பா?" அவள் வாயால் பதில் சொல்லவில்லை. சீட்டுக்கட்டு அளவில் ஒரு போர்டு வாங்கினாள், உள்ளே குட்டி மூளை வைத்தது. அதில் ஒரு மைக், ஒரு விளக்கு, தலையணைக்கடியில் அதிரும் மோட்டார் ஒன்று. குழந்தை அழுதால் விளக்கு மின்னல்போல் வெட்டும், தலையணை உதறும். கணினியோடு கோர்த்து இரண்டு வாரம் சோதித்தாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. திங்கட்கிழமை முதல் தனியாக இருப்பதாக எல்லாரிடமும் சொல்லியும் விட்டாள்.

ஞாயிறு மத்தியானம் அண்ணன் வந்தார். தங்கை தலைக்குக் குளிக்கப் போயிருந்தாள். குழந்தை தொட்டிலில், காவலுக்கு நான்.

"இத்துனூண்டு போர்டுக்கு ஒரு கம்ப்யூட்டரே ஓடணுமா? தனியா கரன்ட் குடுத்தா ஆச்சு" என்றபடி பையிலிருந்து எடுத்தார். அந்தக் கனமான கறுப்பனேதான்.

"அண்ணா, அவ வரட்டுமே. ஏதோ ஒன்பது வோல்ட்டுன்னு வாங்கி வச்சிருக்கா. டப்பா மேல எழுதிக்கூட ஒட்டியிருக்கா."

"இது பன்னிரண்டு. கூடத்தானே இருக்கு, குறைச்சலாவா இருக்கு?"

போர்டின் வட்டத் துளையில் செருகினார். நுழைந்தது. விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், அதோடு கையை எடுத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் வேலை செய்யும் பொருளைச் சும்மா விட்டதாக இந்த இனத்துக்கு வரலாறு உண்டா? தடவிப் பார்த்தார்.

"சுடுதே. ஏன் தெரியுமா? இந்தா, துளைக்குப் பக்கத்துல ஒருத்தன் உக்காந்திருக்கான் பார். வர்றதக் குறைச்சு உள்ள அனுப்புறான். நடுவுல எதுக்கு ஒரு தரகன்? நேரா குடுத்துருவோம்."

அந்தத் தரகன்தான் பன்னிரண்டை ஐந்தாக்கி, மீதியைத் தன் உடம்பில் சூடாக வாங்கிக்கொண்டு, உள்ளே இருந்த மூளையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவன். தங்கை பிற்பாடு சொல்லித்தான் எனக்கே தெரியும். அண்ணன் அதற்குள் முனையைக் கத்தரித்து, வயரைப் பல்லால் உரித்து, ஓரத்து ஊசித்துளைகளைத் தேட ஆரம்பித்திருந்தார்.

"அங்க அஞ்சுன்னு போட்டிருக்கே அண்ணா?"

"போட்டிருக்கட்டும். அது வேணுங்கறத மட்டும் எடுத்துக்கும், மீதிய விட்டுரும். நீ டார்ச்ச நேராப் புடி."

பிடித்தேன்.

சின்னதாக ஒரு சத்தம், நாக்கைச் சொடுக்கியது போல. ஒரு நூல் புகை. கருகிய வாடை. அண்ணன் வயரை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார், செத்தது நிச்சயம் செத்துவிட்டதா என்று பார்ப்பவர் போல. பிறகு இந்த இனத்தின் இரங்கல் உரை: "இப்ப வர்ற சாமான் எதுவுமே தாங்கறதில்ல."

அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. ஈரத் தலையைத் துவட்டியபடி தங்கை வெளியே வந்தாள். வழக்கப்படி முதலில் விளக்கைப் பார்த்தாள். இருட்டு. அப்படியானால் பிள்ளை தூங்குகிறது. எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு, ஜன்னலோரம் போய் நிதானமாகத் துவட்ட ஆரம்பித்தாள். தொட்டிலில் பிள்ளை நீலம் பாரிக்கக் கத்துகிறது. நான் ஓடிப்போய் அவள் தோளைத் தொட்டேன்.

பிள்ளையை அமர்த்திவிட்டு வந்து போர்டை மூக்கருகே வைத்துப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"புதுசு வர வியாழக்கிழமை ஆகும்" என்றாள். "நாளையிலிருந்து நீங்க வந்து உக்காருங்க அண்ணா. பாப்பா அழுதா என் தோளத் தொடணும். அவ்வளவுதான் வேலை."

"நான் எப்படிம்மா? கடை இருக்கே..."

"இந்த போர்டுக்குத் தெரிஞ்சது ஒரே வேலை, நீங்க போர்டையே முடிச்சிட்டீங்க. இப்ப நீங்கதான் அது."

நாலு நாள் உட்கார்ந்தார். திருந்தினார் என்று எழுத ஆசைதான். அழுதால் தொடச் சொன்னால், சிணுங்கினால் தொட்டார், கொட்டாவிக்குத் தொட்டார், தெருவில் ஆட்டோ போனால் தொட்டார். பால் எப்படிக் கொடுப்பது என்று சொல்லத் தொட்டார், டீ கேட்கத் தொட்டார். "அஞ்சு கேட்டா பன்னிரண்டு குடுக்கறார் அக்கா" என்றாள் தங்கை, தோளைத் தேய்த்துக்கொண்டே. மாமியார் வீட்டிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பாத்தியா, ஆள் தேவைப்படுதில்ல?" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் அவளைச் சுட்டது. போர்டு கருகியதுகூட அப்படிச் சுடவில்லை.

வியாழக்கிழமை புது போர்டு வந்தது. ஒன்பது வோல்ட் அடாப்டரை வட்டத் துளையில் செருகினாள். மற்ற துளைகள் எல்லாவற்றையும் டேப்பால் மூடினாள். குழந்தை அழுதது, விளக்கு வெட்டியது, அவள் எழுந்து போனாள். யாரும் யாரையும் தொடவில்லை. அண்ணன் டேப்பின் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டே கேட்டார்: "இத ஏம்மா மூடி வச்சிருக்க? மூச்சு விட வேண்டாமா?"

அவர் மேல் உங்களுக்குக் கோபம் வருகிறதல்லவா? நல்லது. அதே கோபத்தோடு எழுந்து போய் உங்கள் இழுப்பறையைத் திறந்து, உள்ளே இருப்பதில் எது எதனுடையது என்று ஒன்றுக்காவது சொல்லிப் பாருங்கள். நான் நேற்று திறந்தேன், பழைய மேசை விளக்குக்காக. கையில் அகப்பட்டதைச் செருகினேன். கச்சிதமாக நுழைந்தது. சுவிட்சில் விரல் வைத்த பிறகுதான், நெற்றியிலிருந்த கண்ணாடி ஞாபகம் வந்தது.