சிவப்பு விளக்கு எரிந்தால் போன் வரும்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது.

நலமா? என் மகள் பாப்பா நலமா? உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நாற்காலியிலேயே இருந்தால் முதுகு என்ன செய்யும் பாவம். கொஞ்சம் சாய்ந்துகொண்டு படியுங்கள், கடிதம் நீளம். இங்கே நான் நலம், காற்றும் நலம்.

காற்றைப் பற்றித்தான் எழுத வந்தேன். என் இருமலுக்காக நீங்கள் அனுப்பிய காற்று சுத்தம் செய்யும் பெட்டி, நீங்கள் சொன்னபடியே கதவு ஜன்னல் மூடிய அறையில் ராப்பகலாக ஓடுகிறது. இருமல் நின்றுவிட்டது. குறை சொல்லக்கூடாது. ஆனால் ஜன்னலை மூடினதும் எதிர்வீட்டு மாடித் தையல்காரர் பேச்சும் நின்னுபோச்சு. சந்து எத்தனை அகலம்னு உங்களுக்கே தெரியும், கையை நீட்டினா நூல்கண்டு வாங்கலாம். அவர் தைச்சுக்கிட்டே கதை சொல்லுவார், நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு கேட்பேன். ஒருதரம் பேச்சு சுவாரசியத்தில ஒருத்தர் சட்டைக்கு ரெண்டு கையும் இடதுகையாவே வச்சுத் தைச்சுட்டார், அந்த ஆளும் அதைப் போட்டுக்கிட்டுப் பொண்ணு பார்க்கப் போயிட்டார், அது தனிக் கதை, நேர்ல சொல்றேன். இப்போ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாய் மட்டும் அசையுது. நானும் மரியாதைக்கு, குத்துமதிப்பா ஒரு இடத்துல சிரிச்சு வைப்பேன். போன வாரம் அப்படிச் சிரிச்சேன் பாருங்க, அவர் மூஞ்சி சுண்டிப்போச்சு, தையல் மிஷினைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துட்டார். அப்புறம் பால்காரர் சொல்லித்தான் தெரியுது, அவரோட அண்ணன் தவறினதைச் சொல்லியிருக்கார்.

மன்னிப்புக் கேக்கலாம்னு ஜன்னலைத் திறந்தேன். பெட்டியில பச்சையா இருந்த விளக்கு சிவந்துபோச்சு. உடனே உங்க போன். "மாமா, ஜன்னலைத் திறந்தீங்களா?" அந்தப் பெட்டி உங்க போனுக்குச் சேதி சொல்லிடுமாமே. பதறி மூடிட்டேன், பாதி மன்னிப்பு சந்துக்குள்ளயே விழுந்துபோச்சு. அதுலேருந்து இந்தப் பெட்டி காரணமே இல்லாம சிவக்குது, நீங்களும் வேலைக்கு நடுவுல கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போறீங்க. பழுதுதான். ரெண்டு பேரும் நேர்ல வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. ஒத்தை ஆளால தூக்க முடியாது, பாப்பாவும் வரணும்.

உங்க வீட்டில சிரிப்புக்குக் குறைவு வராம இருக்கட்டும். உங்க முதுகு நிமிரட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: பெட்டியில பழுது ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, எடுக்க வேண்டாம். நான்தான் பக்கத்துல நின்னு முகத்துக்குப் போடுற பவுடரைத் தட்டிவிடுறேன். முன்னெல்லாம் உங்க போனுக்கு மாசக்கணக்காக் காத்திருப்பேன், இப்போ விளக்கு சிவந்தா அடுத்த நிமிஷம் மணி அடிக்குது. முந்தாநாள் பாப்பாவே பேசினா, "அப்பா, மூச்சு விடக் கஷ்டமா இருக்கா?"ன்னு கேட்டா. இல்லேன்னு சொன்னா வச்சிடுவாளேன்னு, கொஞ்சம் இருமிக் காட்டினேன். அவகிட்ட சொல்லிடாதீங்க. இன்னைக்கு பவுடர் தீர்ந்துபோச்சு, அதனால ஜன்னலையே திறந்து வச்சுட்டு எழுதுறேன். விளக்கு செக்கச்செவேல்னு எரியுது, உங்க போனைத்தான் இன்னும் காணோம், வேலையா இருப்பீங்க, பரவாயில்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா, தையல்காரர் மிஷினை நிறுத்திட்டு இந்தப் பக்கம் திரும்புறார், "அண்ணே, இருமல் தேவலையா?"ன்னு கேக்குறார், இருங்க மாப்பிள்ளை, நான் அவர்கிட்ட