பத்தாவது பாட்டு

அந்த ஆல்பத்தில் இருந்தது ஒன்பது பாட்டுதான். பத்திரிகை விமர்சகர் பத்தாவது பாட்டைப் பாராட்டியிருந்தார்.

ஒலிப்பதிவாளர் பத்திரிகையைக் கண்ணருகே கொண்டுபோனார், எட்டப் பிடித்தார். எப்படிப் பிடித்தாலும் பத்து பத்தாகவே இருந்தது.

நாலு பேர் சேர்ந்து நடத்தும் ராக் குழு அது. முதல் ஆல்பத்தை ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடியது. இரண்டாவது ஊற்றிக்கொண்டால் குழு கலைந்துவிடும். அவர்களை நம்பி வீட்டுப் பின்னறையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் இவர் பிழைப்பிலும் மண் விழும்.

'ஒன்பது பாட்டுகளும் அந்தரத்தில் நிற்கின்றன' என்று விமர்சகர் எழுதியிருந்தார். 'பத்தாவதில்தான் ஆல்பம் தரையில் கால் வைக்கிறது. இசைக்கருவியே இல்லை. ஒரு பெண், ஒழுகும் குழாயைப் பற்றிப் பேசுகிறாள். பதில் இல்லை. பின்னால் சொட்டும் தண்ணீர்கூட ஒன்பதாம் பாட்டின் அதே தாளத்தில், நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. என்ன துணிச்சல்!'

அந்தரத்தில் நிற்கிறது என்பதை ஒலிப்பதிவாளர் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தார். பதினோரு மாதமாகச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாப் பாட்டையும் கேட்ட மனைவி சொன்னது அது. "எல்லாம் அந்தரத்துல நிக்குது, கடைசியில ஏதோ குறையுதுங்க" என்றாள். "உனக்கென்ன தெரியும் இதைப் பத்தி?" என்று வாயை அடைத்திருந்தார்.

ஹெட்ஃபோனை மாட்டி ஆல்பத்தின் வாலைக் கேட்டார்.

"மூணு மாசமா சொல்றேன், குளியலறைக் குழாய் ஒழுகுது. உங்க காது எங்கதான் இருக்கு?"

சந்தேகமே இல்லை, அவர் மனைவிதான்.

ஸ்டூடியோ வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் உள்ளே வரக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். ஒன்பதாம் பாட்டு முடிந்த அன்று இவர் மைக்கை அணைக்க மறந்து, பழைய பதிவு ஒன்றை ஹெட்ஃபோனில் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளாகச் சட்டத்தை மீறாதவள் அன்றைக்கென்று கதவைத் திறந்துபோட்டு வந்து பேசியிருக்கிறாள். பிறகு 'கடைசி', 'கடைசிக்கும் கடைசி', 'சத்தியமாகக் கடைசி' என்று மூன்று கோப்புகள். இவர் அனுப்பியது சத்தியம் செய்யாத, வால் வெட்டாத ஒன்றை.

போன் அடித்தது. தாடிக்காரப் பாடகன்.

"அண்ணே, யாரு அந்தம்மா?"

தெரியாமல் நடந்தது என்றால் மானம் போகும். "ஒரு நாடக நடிகைப்பா. என் ஐடியாதான்."

"எங்களைக் கேக்காமலா?"

"பிடிக்கலையா?"

"அதை மட்டும்தாண்ணே எல்லாருக்கும் பிடிச்சிருக்கு! அடுத்த வாரம் கச்சேரி. அவங்களை மேடைக்குக் கூட்டிட்டு வந்துடுங்க."

"அவங்க வெளிநாடு போயாச்சு."

"எந்த நாடு?"

"அது... சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

மறுநாள் பத்திரிகையில் 'நாட்டை விட்டுப் போன மர்மக் குரல்' என்று அரைப் பக்கம் வந்தது. அதற்கடுத்த நாள் விமர்சகரே நேரில் வந்துவிட்டார்.

கதவைத் திறந்தது மனைவி. "பார்த்து வாங்க சார், தரை வழுக்கும். குழாய் ஒழுகுது."

விமர்சகர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. "அந்தக் குரல்!"

"என் குரலா? ஏங்க, நான் பேசினதையா ஊருக்கே போட்டுக் காட்டினீங்க?"

ஒலிப்பதிவாளர் முகத்தில் ஈயாடவில்லை. நடிகை, வெளிநாடு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டார். விமர்சகர் அதைக் காதில் வாங்கவே இல்லை. குளியலறை வாசலில் நின்று, கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"எழுபத்திரண்டு! தற்செயலா இப்படி அமையுமா?"

"தண்ணிக்கு என்ன சார் தெரியும் இதைப் பத்தி?" என்றாள் மனைவி.

ஒலிப்பதிவாளருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. "மன்னிச்சுடு. என்ன வேணும்னாலும் சொல்லு, செய்யறேன்."

"இனிமே நான் பேசினா ஹெட்ஃபோனைக் கழட்டுங்க. இப்போதைக்குக் குழாயைச் சரி பண்ணுங்க. அதோட வேலை முடிஞ்சுது."

அரை மணி நேரத்தில் குழாய்க்காரர் பையோடு வந்து சேர்ந்தார். அவரைக் குளியலறைக்குக் கூட்டிப்போனார் ஒலிப்பதிவாளர். "மாசக்கணக்கா ஒழுகுதுங்க. எனக்குத்தான் காதுல விழலை."

குழாய்க்காரர் குழாயையும் பார்த்தார், அவரையும் பார்த்தார்.

"இதை நான் எப்பவோ சரி பண்ணிட்டேனே சார். அப்புறம் நீங்க கடைசிப் பாட்டு பதிஞ்ச அன்னைக்கு அக்காதான் கூப்பிட்டு, நிமிஷத்துக்குச் சரியா எழுபத்திரண்டு சொட்டு விழணும்னு சொல்லி, கையில வாட்ச்சோட பக்கத்துல நின்னு தளர்த்தி விடச் சொன்னாங்க!"