நன்னாரி சர்பத்துக்காக வந்த ஃபிரிட்ஜ்

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் துலக்குவேன். இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து எங்கள் வீட்டுக் குக்கர் மூன்று தடவை துலக்கப்பட்டுவிட்டது. நடந்து இரண்டு வருஷம் ஆகிறது, கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. யார் மேல் கோபம் என்று கேட்டால் என்னிடம் நீளமான பட்டியல் இருக்கிறது. அதில் முதல் பெயர் என்னுடையது என்பதால் இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒரு பெண்ணுக்கு வரவேண்டிய கிரைண்டரை வரவிடாமல் செய்தவள் நான்தான். அதுவும் நல்லது செய்கிறேன் என்று கிளம்பி, தன்னார்வலருக்கான ஆரஞ்சு நிற டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போய்.

அந்தப் பெண் கஸ்தூரி அக்கா. அடுகோடியில் நாங்கள் குடியிருக்கும் தெருமுனையில் காலையில் தள்ளுவண்டி போட்டு இட்லி விற்பவர். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். கணவர் லாரியில் கிளம்பினால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். ஒருநாள் அக்காவின் பழைய கிரைண்டர் புகைந்து செத்துப்போனது. அன்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் மாவு மில்லில் வரிசையில் நின்று அரைத்து, தலையில் சுமந்து வந்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து லேடீஸ் ஹாஸ்டலில் தினமும் மாவு கேட்டார்கள். பெரிய டில்டிங் கிரைண்டர் ஒன்று இருந்தால் கொடுத்துவிடலாம். மாசக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

நான் வைட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். அடுத்தவர்கள் செய்ததில் தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். உலகத்தில் வறுமையை ஒழித்தே தீருவது என்று கிளம்பியிருக்கும் ஒரு பன்னாட்டுத் தொண்டு நிறுவனம் (பெயர் வேண்டாம், வக்கீல் வைத்துக்கொள்ள எனக்கு வசதியில்லை) எங்கள் ஆபீசுக்கு வந்து தன்னார்வலர்களைத் திரட்டியது. சிறுதொழில் செய்யும் ஏழைப் பெண்களுக்குக் கருவிகள் வாங்கித் தருவார்களாம். தமிழும் தட்டுத்தடுமாறிக் கன்னடமும் தெரிந்த ஆள் வேண்டுமாம். நான் கை தூக்கினேன். கஸ்தூரி அக்காவின் பெயரையும் நானே எழுதிக் கொடுத்தேன். "அக்கா, கிரைண்டர் வந்த மாதிரிதான்" என்று முந்திக்கொண்டு ஆசையும் காட்டினேன்.

மொழிபெயர்க்கும் தன்னார்வலர்களுக்கு ஏசி அறையில் ஒருநாள் பயிற்சி. மூன்று விதிகள்: சேர்க்காதே, விடாதே, கருத்துச் சொல்லாதே. எதிரில் இருப்பவர் என்ன சொன்னாரோ அது மட்டும் மறுபக்கம் போக வேண்டும். ஒத்திகையில் நான்தான் முதல். ஒருங்கிணைப்பாளர் ரோஹன் எல்லோர் முன்னாலும், "இவங்க கண்ணாடி மாதிரி" என்று பாராட்டினார். அந்தக் கண்ணாடியை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் என் கணவர் பிரபுவின் முகத்துக்கு நேராக இரண்டு நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். காபியில் சர்க்கரை கம்மி என்றால்கூட, "நீங்க சொன்னதைத் திருப்பிச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். மனிதர் பொறுத்துக்கொண்டார்.

வீட்டைப் பார்த்து மதிப்பெண் போட ரோஹன் வருவார், கூடவே தலைமையகத்திலிருந்து இரண்டு வெளிநாட்டுக்காரர்களும் வருவார்கள் என்று முடிவானது. முந்தின நாள் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, ஃபாரின்லேருந்து பெரிய ஆளுங்க உங்க வீட்டுக்கே வர்றாங்க!"

"அய்யோ, என்னா கண்ணு சொல்ற! எங்க வீட்டுக்கா?"

"ஆமாக்கா. ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் ரெடியா வெச்சிருங்க."

"அத விடு. அவங்க என்னா குடிப்பாங்க?"

இந்தக் கேள்வியிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் திருப்பத்தூரில் எங்கள் அம்மா எதிர்வீட்டு சோபாவை நாலு பேரை வைத்துத் தூக்கிவந்து எங்கள் கூடத்தில் போட்டவர். பிரபு உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டது அந்த இரவல் சோபாவில்தான். கல்யாணத்துக்கு அப்புறம் விருந்துக்கு வந்தவர், "சோபா எங்கே?" என்று கேட்டு எங்கள் அப்பாவைத் திணற அடித்தார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான், "வெயில்ல வருவாங்க, சில்லுனு ஏதாவது குடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மறுநாள் மாடிப்படி ஏறி அக்காவின் ஒற்றை அறைக்குள் நுழைந்தால், எனக்கே வீடு மாறி வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. நாலு பிளாஸ்டிக் நாற்காலி. அக்கா மாம்பழ நிறப் பட்டுப் புடவையில், கழுத்தில் கவரிங் ஆரத்தோடு நின்றார். மூலையில், அந்த அறையின் கால்வாசியை அடைத்துக்கொண்டு, சிவப்பு நிறத்தில் ஒரு ஃபிரிட்ஜ்.

"ஏதுக்கா இது?" என்று காதோரம் கேட்டேன்.

"கீழ நயாஸ் பாய் கடையிலேருந்து. சும்மா மதியம் வரைக்கும். நீதானே சில்லுனு கேட்ட?"

நயாஸ் பாய் கீழே பழைய ஃபிரிட்ஜ்களைப் பழுது பார்த்து விற்பவர். சர்பத்தைக் கீழே அவர் கடையிலேயே குளிரவைத்துச் சொம்பில் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் விருந்தாளிகள் கண் முன்னால் ஃபிரிட்ஜைத் திறந்து எடுத்துக் கொடுப்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது. அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. கருத்துச் சொல்லக் கூடாதல்லவா?

ரோஹனோடு வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தார்கள், ஒரு அம்மையாரும் ஒரு ஆணும். அக்கா ஃபிரிட்ஜைத் திறந்து, வேர்த்துக்கொட்டும் எவர்சில்வர் டம்ளர்களில் நன்னாரி சர்பத் எடுத்து நீட்டினார். இருவரும் அழகாகச் சிரித்து, கும்பிட்டு, பையிலிருந்து அவரவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார்கள். வெளியில் எதையும் குடிக்கக் கூடாது என்பது அவர்கள் விதியாம். இரண்டு ஆம்பளைகள் மூச்சு வாங்க இரண்டு மாடி ஏற்றிய ஃபிரிட்ஜிலிருந்து வந்த சர்பத் நாற்காலிக்கு அடியில் எறும்புக்குப் போனது. இன்றைக்கும் யாராவது அழகாகச் சிரித்து எதையாவது மறுத்தால் எனக்குக் கை நமநமக்கிறது.

ரோஹன் டேப்லெட்டைத் திறந்து ஆங்கிலத்தில் கேள்விகளை ஆரம்பித்தார். நான் நடுவில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து அவற்றைத் தமிழில் கேட்டேன்.

"மூணு வேளையும் சாப்பிடுறீங்களாக்கா?"

அக்கா வெளிநாட்டு அம்மையாரைப் பார்த்துச் சிரித்தார். "சாப்பாட்டுக்கு என்னா குறை? சாமி நல்லாத்தான் வெச்சிருக்கு."

அந்தச் சிரிப்பு உட்பட ஆங்கிலத்தில் சொன்னேன். ரோஹன் ஒரு கட்டத்தைத் தொட்டார்.

"போன மாசம் பசியோட படுத்த நாள் உண்டா?"

"நாலு பேருக்குப் போட்டுத்தான் நமக்குப் பழக்கம், பசியாவது ஒண்ணாவது."

இதை நான் மொழிபெயர்த்த அழகைக் கேட்டு அம்மையார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ரோஹன் இன்னொரு கட்டத்தைத் தொட்டார். விருந்தாளியை நடுவீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, போன வாரம் ரெண்டு ராத்திரி வெறும் டீயோடு படுத்தேன் என்று எந்தப் பொம்பளை சொல்வாள்? எங்கள் அம்மா சொல்வாரா? நான் சொல்வேனா? அக்கா அப்படிப் படுத்தது எனக்குத் தெரியும். என்னிடம் வண்டிக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டே அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அங்கே சொல்லவில்லையே! விதி என்றால் விதி.

கடைசியாக ரோஹன் மூலையைக் காட்டினார். "இந்த ஃபிரிட்ஜ் உங்களுதாக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். தமிழ் தெரிந்தவர்களுக்கு அந்தப் பார்வையே போதும். 'பார்த்துச் சொல்லும்மா' என்பதுதான் அதற்கு அர்த்தம். பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பி, "ஆமா, பின்ன?" என்றார்.

"ஆம், அவர்களுடையதுதான்" என்றேன் நான், கண்ணாடி.

அக்காவை ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். ரோஹன் கடைசிப் பொத்தானை அமுக்கினார். எல்லோரும் எழுந்து கும்பிட்டுப் படியில் கால் வைக்கவும், கீழேயிருந்து நயாஸ் பாய் மச்சானோடு மேலே வரவும் சரியாக இருந்தது.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இத வாங்குற அத்திபெலே பார்ட்டி டெம்போவோட வந்து நிக்கிறான். ஃபிரிட்ஜ ஜல்தி எறக்கணும்."

"அவங்க போவட்டும் பாய், ஒரு நிமிசம்" என்று அக்கா கெஞ்சினார்.

"டெம்போக்காரன் கூவுறான் அக்கா!"

படியோ ஒரு ஆள் போகும் அகலம். சர்வதேச வறுமை ஒழிப்புத் தூதர்கள் இருவரும் வயிற்றை உள்ளே இழுத்துச் சுவரோடு சுவராக ஒட்டி நிற்க, அவர்கள் மூக்குக்கு முன்னால் சிவப்பு ஃபிரிட்ஜ் ஆடி ஆடி இறங்கியது. உள்ளே மிச்சமிருந்த டம்ளர்கள் கலகலவென்று உருண்டன. மேல்படியில் நின்ற அக்கா பட்டுப் புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரோஹன், அது இரவல்! உங்களுக்கு சர்பத் குடுக்கத்தான் வாங்கிவந்தாங்க" என்று அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

ரோஹன் புருவத்தைச் சுருக்கினார். "தன்னுடையதுன்னு அவங்களே சொன்னாங்களே? இல்லே, நீங்க தப்பா மொழிபெயர்த்தீங்களா? அப்படின்னா சொல்லுங்க. இதை ரத்து பண்ணிட்டு அடுத்த வாரம் புதுசா எடுக்கலாம்."

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். குக்கரை இன்னொரு தடவை துலக்கிவிட்டு வருகிறேன்.

ஒரே ஒரு வார்த்தை. 'ஆமாம், தப்பு என்னுடையதுதான்' என்று சொன்னால் போதும். கதவை அந்த மனிதரே திறந்து வைத்திருக்கிறார். ஆனால் அந்த வெளிநாட்டு அம்மையார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் முன்னால் என் மொழிபெயர்ப்பைக் கேட்டு நெஞ்சில் கை வைத்தவர். தலையை நிமிர்த்திச் சொன்னேன்:

"என் மொழிபெயர்ப்பில் தப்பே இல்லை."

அவ்வளவுதான். என் தப்பு இல்லையென்றால் அக்கா சொன்னது பொய் என்றாகிவிட்டது. மூன்றாம் நாள் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் வறுமைக் கோட்டு மதிப்பெண்ணுக்கு மேலே இருக்கிறார், தவிர ஆய்வு முடிந்ததும் வீட்டுப் பொருளை அவசரமாக வெளியேற்றியிருப்பதால் சொத்தை மறைக்க முயன்றதாகக் கருதப்படுகிறது. கண் முன்னால் மூக்கை உரசிக்கொண்டு போன ஃபிரிட்ஜை மறைத்துவிட்டாராம்! நான் மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் போட்டேன். 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. திரும்பப் போட்டேன். திரும்ப நன்றி. சண்டை போட்டவளுக்கு நன்றி சொல்லியே வாயை அடைக்கும் வித்தையை இவர்கள் எங்கே கற்றார்கள் என்று தெரியவில்லை.

மாசம் முடிந்தது. ஹாஸ்டலில் பாக்கெட் மாவுக் கம்பெனியோடு பேசி முடித்துவிட்டார்கள். ஒரு வாரம் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனவள், ஒருநாள் காலை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வண்டி முன்னால் போய் நின்றேன்.

"ஒரு வார்த்த மாத்திச் சொன்னா உன் நாக்கு என்னா தேஞ்சா பூடும்?" என்றார் அக்கா, இட்லித் தட்டைக் கவிழ்த்துக்கொண்டே. "வூட்டுக்கு வந்தவங்க கிட்ட இல்லன்னு சொல்வாங்களா? நீயும் நம்ம ஊருப் பொண்ணுதானே? அந்த ஆளுக்குத் தெரியாது, சரி. உனக்குமா தெரியாது?"

"தப்புதான் அக்கா. நானே ஒரு கிரைண்டர் வாங்கித் தரேன்."

"வேணாம்." கரண்டியை டங்கென்று வைத்தார். "அவங்க குடுத்தா என் தொழிலுக்குக் குடுத்தது. உங்கிட்ட வாங்கினா, நாளைக்கு நீ தெருவுல வர்றப்பல்லாம் நான் எழுந்து நிக்கணும். இட்லி எத்தினி?"

நாலு என்றேன். அக்கா இன்றுவரை மில்லில்தான் வரிசையில் நிற்கிறார்.

பிரபுவுக்கு இது வாழ்நாள் தீனியாகிவிட்டது. வீட்டுக்கு வந்த விருந்தாளி, "நாங்க சொல்லாம வந்தது உங்களுக்குத் தொந்தரவோ?" என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் வந்து, "பயிற்சி முறையா, கஸ்தூரி அக்கா முறையா?" என்று கிசுகிசுப்பார். இப்போது எங்கள் மாமியார்கூடப் போனில், "நான் செஞ்ச ஊறுகாய் எப்படி இருக்கு? அக்கா முறையிலேயே சொல்லும்மா" என்கிறார்.

போன வருஷக் கடைசியில் அந்த நிறுவனத்திலிருந்து முன்னாள் தன்னார்வலர்களுக்கு அன்பளிப்பாக ஒரு காலண்டர் வந்தது. புரட்டினேன். ஆகஸ்ட் மாசத்தில் கஸ்தூரி அக்கா. மாம்பழப் பட்டு, கவரிங் ஆரம், பக்கத்தில் சிவப்பு ஃபிரிட்ஜ். கீழே கொட்டை எழுத்தில், 'வறுமையிலிருந்து வளத்துக்கு: எங்கள் உதவியால் தலைநிமிர்ந்த பெண்.'

அன்று குக்கர் போதவில்லை, இட்லிப் பானையையும் துலக்கினேன். காலண்டரைச் சுருட்டிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். "வழக்குப் போடலாம் அக்கா, விடக் கூடாது" என்று கத்தினேன். அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சேர்க்காமல் விடாமல் சொன்னேன்.

"பொடவ நல்லா எடுப்பாத்தான் இருக்கு" என்றார். பிறகு எழுத்து இருந்த பகுதியை மட்டும் மடித்துக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, படத்தை வண்டியின் கண்ணாடிக்குள் ஒட்டினார். "யார்னா கேட்டா எங்களுதுதான்னு சொல்லு. உனக்குத்தான் அது நல்லா சொல்ல வருமே."

காலையில் யாராவது புதிதாக இட்லி வாங்க வந்து, "உங்க ஃபிரிட்ஜா அக்கா?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். அக்கா சட்னி ஊற்றிக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டுவார். தட்டைக் கையில் பிடித்தபடி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நான் சொல்வேன்: "ஆமா, அக்காவுதுதான்."