எங்கள் தெருவின் தாழ்ப்பாள் அண்ணன்

ஒரே ஒரு திருப்புளியை வைத்துக்கொண்டு ஒரு தெருவின் நிம்மதியையே கழற்றி எடுத்த மனிதர் மதுரையில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் தாழ்ப்பாள் அண்ணன். அழகர்கோவில் சாலையை ஒட்டிய அந்தத் தெருவில் நாங்கள் குடியிருந்த வரைக்கும் அடுத்த வீடு அவருடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். தெருவுக்கு அவர் 'தாப்பாண்ணே'. அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எல்லாம் ஒரு பெற்றோர் கூட்டத்தில் ஆரம்பித்தது. அவர் மகள் ஷைனி நான் வேலை பார்க்கும் பள்ளியில் பிளஸ் டூ. "பிள்ளைகளைக் கதவைச் சாத்திக்கொண்டு போன் பார்க்க விடாதீர்கள்" என்று தலைமையாசிரியை பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார். மண்டபம் நிறையப் பெற்றோர்கள் அதைக் கேட்டார்கள், தலையாட்டினார்கள், சமோசா சாப்பிட்டார்கள், வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துபோனார்கள். புத்திமதியை அப்படித்தான் கேட்க வேண்டும். இவர் மட்டும் நேராக வீட்டுக்குப் போய்த் திருப்புளியைத் தேடினார்.

முதலில் ஷைனியின் அறைத் தாழ்ப்பாள் போனது. "பிள்ளைக்கு மட்டும் எதுக்குங்க இந்தத் தண்டனை?" என்று அவர் மனைவி மெர்சி அக்கா வாய் தவறிக் கேட்டுவிட்டார். நியாயம்தானே என்று எல்லா அறைகளின் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார். கடைசியில் பாத்ரூம் தாழ்ப்பாளும் போனது. யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்.

"ஒளிக்கிறதுக்கு நம்ம வீட்டுல என்ன இருக்கு?"

பாத்ரூமில் என்ன ஒளிக்கிறார்கள் என்று ஒரு மனிதருக்கு நான் எப்படி விளக்குவேன்? அதற்கும் அவரே ஒரு சட்டம் போட்டார். உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டுக் கேட்டால் ஆள் இருக்கிறது, பாட்டு நின்றால் காலி. மெர்சி அக்கா கீர்த்தனை பாடினார். அண்ணன் பழைய சினிமாப் பாட்டு. ஷைனி பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பித்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண் காலங்காத்தாலே பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக் குளிக்கிறாள் என்றால் அந்த வீட்டைப் பற்றி நான் இன்னும் என்ன சொல்ல?

ஒருநாள் அவர்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். எங்கள் போதகருக்குச் சர்க்கரை வியாதி. வந்ததும் வராததுமாக உள்ளே போக வேண்டியிருந்தது. சட்டத்தை அவர் காதில் ஓதி அனுப்பினார்கள். மனிதர் உள்ளே போய், தனக்குத் தெரிந்த பாட்டைக் கம்பீரமாக எடுத்தார். ஹாலில் இருந்த நாங்கள் கூட்டம் தொடங்கிவிட்டது என்று எழுந்து நின்று சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டோம். தான் நிறுத்தினால் யாராவது கதவைத் திறந்துவிடுவார்கள் என்று அவர் நிறுத்தவில்லை. போதகர் பாடும்போது நாம் நிறுத்துவதா என்று நாங்களும் நிறுத்தவில்லை. எல்லாச் சரணமும் முடிந்து, மறுபடி முதலிலிருந்து பாடி, கடைசியில் உள்ளேயிருந்து ஒரு பரிதாபமான குரல் வந்தது. "நீங்க நிப்பாட்டுங்கம்மா, நான் வெளிய வாரேன்."

இத்தோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் ஒரு கிறுக்குத்தனம் அடுத்த வீட்டோடு நின்றதாக எந்தத் தெருவில் சரித்திரம் உண்டு? அவர் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார். டீக்கடையில் என்ன ஓதினாரோ, ஒழுகுகிற குழாய்க்கு ஒரு வாஷர் மாற்ற வருடக்கணக்காக நாள் பார்க்கும் என் வீட்டுக்காரர், ஒரு சனிக்கிழமை சுறுசுறுப்பாக எழுந்து எங்கள் மகன் அருளின் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்துவிட்டார். நான் மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அருள் அப்போது பத்தாம் வகுப்பு. மீசை அரும்பத் தொடங்கியதிலிருந்தே பேச்சு குறைந்துகொண்டுதான் வந்தது. எதைக் கேட்டாலும் "ம்". சாப்பிட்டாயா, ம். ஸ்கூலில் என்ன நடந்தது, ம். தாழ்ப்பாள் போன அன்று அந்த 'ம்'மும் போனது. புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துகொண்டான். நிழல் நகர்ந்தால் அவனும் நகர்ந்தான். மதுரை வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டைத் தட்டில் போட்டு மேலே கொண்டு போனால், வைத்துவிட்டுப் போ என்று கையைக் காட்டினான். பள்ளிக்கூடத்தில் ஊரார் பிள்ளைகள் எல்லாம் வந்து என்னிடம் மனசைக் கொட்டுகிறார்கள். பெற்ற பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனை அப்படியே இழந்துவிடுவேனோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். வீட்டுக்காரரை ஒரு பிடி பிடித்துவிட்டு நேரே அடுத்த வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, உங்க வீட்டுல என்ன வேணாலும் பண்ணிக்கங்க. என் வீட்டுக்குள்ள எதுக்கு உங்க திருப்புளி வருது?"

"என்ன டீச்சர், எம்புட்டுப் பிள்ளைகளைப் பாக்குறவுக நீங்க. இந்தக் காலத்துப் பயலுக கதவைச் சாத்திக்கிட்டு என்னெல்லாம் பண்றாய்ங்கன்னு தெரியாதா? ஒளிக்கிறதுக்கு என்ன..."

"அதை மட்டும் சொல்லாதீங்க! அன்னைக்கு ஜெபக் கூட்டம் முடிஞ்சு, போதகர் மாதிரியே நானும் உங்க பாத்ரூம்ல நின்னு பாடுனேன். எனக்கு எம்புட்டு அவமானமா இருந்துச்சு தெரியுமா?"

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "உங்களுக்கு நல்ல குரல் டீச்சர்."

இந்த மனிதரிடம் என்ன பேசுவது? பின்னால் ஷைனி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, அந்த வீடு மதியத் தூக்கம் போட்டது. திடீரென்று அண்ணனின் அலறல். நான் காம்பவுண்டுச் சுவருக்கு ஓடினேன். வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. தெருநாய் ஒன்று குழம்புச் சட்டியை நடு ஹாலுக்கு இழுத்து வந்து நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது. சோபாவில் முன்பின் தெரியாத ஒருவர் ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கதவு தெறந்து கெடந்துச்சு சார். வீடு வாடகைக்கா?"

நாயையும் ஆளையும் விரட்டிவிட்டு, லுங்கியும் பனியனுமாக அண்ணன் கத்தினார். "வாசக் கதவுத் தாப்பாவ யாரு கழட்டுனது?"

ஷைனி ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். முன் கதவு, பின் கதவு, கேட் எல்லாவற்றின் தாழ்ப்பாள்களும் அதற்குள் இருந்தன.

"நான்தாம்ப்பா. ஒளிக்கிறதுக்கு நம்ம வீட்டுல என்ன இருக்கு?"

"கூறுகெட்ட கழுத! கண்டவனும் உள்ள வந்துருவாய்ங்கல்ல?"

"நீங்க என் ரூமுக்குள்ள வர்றப்ப எனக்கும் அப்படித்தாம்ப்பா இருக்கு."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அண்ணன், அந்த ஆள் உட்கார்ந்திருந்த அதே சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டார். ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. தட்ட மனசு வரவில்லை.

அன்று சாயங்காலம் திருப்புளியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது.

"இன்னும் எதைக் கழட்டப் போறீங்க?"

நேரே அருளின் அறைக்குப் போனார். கழற்றி வைத்த தாழ்ப்பாளை என் வீட்டுக்காரர் தேடு தேடென்று தேடினார். தொலைத்துவிட்டிருந்தார், வேறென்ன? அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளைத் தாழ்ப்பாளை எடுத்தார். அவருடைய சொந்த அறைக் கதவிலிருந்து கழற்றியது. அதைக் கதவில் வைத்து முடுக்கிவிட்டு, மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தார்.

"மாப்ள, கீழ வந்து உள்ள போயிப் போட்டுப் பாரு. சரியா விழுகுதான்னு."

அருள் இறங்கி வந்தான். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். 'டக்'கென்று தாழ்ப்பாள் விழுந்தது. நாங்கள் வெளியே குற்றவாளிகள் மாதிரி நின்றோம். உள்ளே சத்தமே இல்லை. இனி இந்தக் கதவு திறக்கவே திறக்காதோ என்ற பயத்தில் என் வீட்டுக்காரரை முறைத்தேன். பிறகு தாழ்ப்பாள் விலகியது. தலையை மட்டும் நீட்டினான்.

"அம்மா, பசிக்குது."

அடுப்படியில் தோசைக் கல்லைப் போட்டுவிட்டு அழுதேன். எத்தனை தோசை வார்த்தேன் என்று கேட்காதீர்கள். அண்ணனுக்கும் சேர்த்துத்தான் வார்த்தேன்.

அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தன் வீட்டில் மற்ற அறைகளுக்கெல்லாம் தாழ்ப்பாளை மாட்டியவர், பாத்ரூம் தாழ்ப்பாளின் ஸ்க்ரூவை மட்டும் தொலைத்துவிட்டு, அதற்குப் பிறகும் பல வாரம் அந்தக் குடும்பத்தைப் பாட வைத்தார். அந்த வருடமே ஷைனி கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். நாங்களும் வேறு பகுதிக்குக் குடிபோய்விட்டோம்.

போன கிறிஸ்துமஸ் சமயத்தில் அண்ணன் வீட்டுக்குக் கேக் கொடுக்கப் போனேன். பழைய கணக்கைத் தீர்க்க நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கவும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

"வாங்க டீச்சர், ஷைனி ரூமுக்கு வெள்ளையடிச்சிருக்கேன், வந்து பாருங்க" என்று கூட்டிப்போனார். கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் நின்று மெதுவாகத் தட்டினார். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். கொஞ்சம் காத்திருந்தார். அப்புறம்தான் திறந்தார். உள்ளே காலிக் கட்டிலும், விரித்த போர்வையும், கதவில் பளபளவென்று ஒரு புதுத் தாழ்ப்பாளும்.

"உள்ள யாருண்ணே இருக்கா?"

"யாருமில்ல டீச்சர். நாளைக்குப் பிள்ள வாரா. கை பழைய நெனப்புல டக்குனு தெறந்துரும். அதான் பழகிக்கிட்டு இருக்கேன்."

"ஒரு வாரமா இதேதான் வேலை" என்றார் மெர்சி அக்கா அடுப்படியிலிருந்து.

யோசித்து வைத்திருந்த நாலு வார்த்தையையும் அந்த வாசலிலேயே விட்டுவிட்டேன்.

"நல்லாத் தட்டுறீங்கண்ணே" என்றேன்.